டர்போ மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

(கோயம்புத்தூரில் இயந்திரவியல் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், மாருதி 800-ல டர்போ போடலாமா?" எஞ்சினைப் பற்றி எங்கே பேசினாலும், கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து இப்படிக் கேட்பார். வீட்டில் அப்பா ஓட்டிய பழைய 800 ஒன்று நிற்கும். அதைக் குறைந்த செலவில் பாய வைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆசைப்பட்டு எஞ்சினைத் திறந்தவர்களால்தான் இந்த ஊரில் தொழில் வளர்ந்தது. அதனால் அந்தக் கேள்விக்கு ஒரு முழு உரையாகவே பதில் சொல்ல இன்று வந்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம், செய்ய முடிகிற வேலைதான். ஆனால் டர்போ வந்து உட்கார்ந்த நிமிடத்தில் பிஸ்டன் முதல் பிரேக் வரை அத்தனை பாகத்தின் கணக்கும் மாறிவிடுகிறது. அந்தக் கணக்கை முழுதாகப் போட்டவர்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். கணக்குக் கடினமானது இல்லை. பள்ளிக்கூட இயற்பியல் போதும். வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

காற்றிலிருந்து தொடங்குவோம்

மாருதி 800-ன் எஞ்சினில் மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 72 மில்லிமீட்டர். பெருக்கினால் 796 சி.சி. வருகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் இதன் அதிகபட்ச சக்தி சுமார் 37 குதிரைத்திறன், 5000 சுற்றில்.

ஏன் 37-ல் நின்றுவிடுகிறது? பெட்ரோல் பற்றாமல் இல்லை. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிவதற்குக் காற்று வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கிறது. 5000 சுற்றில், சிலிண்டர் ஐந்தில் நான்கு பங்கு நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு சுமார் 1600 லிட்டர் காற்று உள்ளே போகும். 35 டிகிரி வெயிலில் அதன் எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். இந்த எடைதான் எஞ்சினின் வரவு. இதைக் கூட்டினால்தான் சக்தி கூடும்.

ஊட்டிக்கு இந்த வண்டியில் ஏறியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்திருக்கும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பிஸ்டன் அதே தூரம் நகர்கிறது, ஆனால் இழுக்கிற காற்றின் எடை குறைந்துபோகிறது. மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி குன்னூர் தாண்டியதும் இரண்டாவது கியரில் திணறுவதற்கு, மேட்டோடு இதுவும் ஒரு காரணம்.

டர்போவின் வரலாற்றிலும் மலைக்கு முக்கியமான இடம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மாஸ், 1918-ல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவைச் சேர்த்ததும் 356 தந்தது. மலை பறித்துக்கொண்ட காற்றை டர்போ திருப்பிக் கொடுத்துவிட்டது.

புகைக்குழாயில் போகும் சக்தி

நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போய்விடுகிறது. டர்போ அந்த வழியில் ஒரு சக்கரத்தை வைக்கிறது. 800, 900 டிகிரி சூட்டில் பாயும் புகை அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சின்ன எஞ்சினுக்கான டர்போவை ஒரு கையில் தூக்கிவிடலாம். ஆனால் அதன் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது.

இப்போது நம் 800-க்கு அரை பார் அழுத்தம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஒன்றரை மடங்கு. அப்படியானால் சக்தியும் ஒன்றரை மடங்கா? இல்லை. காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவது இதனால்தான். 35 டிகிரியில் உள்ளே போன காற்று, சுமாரான ஒரு கம்ப்ரஸரிலிருந்து 93 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால், நமக்குக் கிடைக்கும் எடை 26 சதவீதம்தான் கூடும். நடுவில் ஓர் இன்டர்கூலர் வைத்து 58 டிகிரிக்கு இறக்கினால் எடை 40 சதவீதம் வரை கூடும். காகிதக் கணக்கில் 37 என்பது முதல் வழியில் 47 ஆகிறது, இரண்டாம் வழியில் 52 ஆகிறது.

ஒரே டர்போ, ஒரே அழுத்தம். இன்டர்கூலர் இருக்கிறதா இல்லையா என்பதில் மட்டும் ஐந்து குதிரைத்திறன் வித்தியாசம். இன்டர்கூலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது.

இந்த பிஸ்டனைப் பாருங்கள்

என் கையில் இருப்பது ஒரு 800-ன் பிஸ்டன். தம்பி, இதை முன்வரிசையிலிருந்து அப்படியே பின்னால் வரை அனுப்புங்கள். எல்லோரும் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல்முகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டை இல்லை. பக்கவாட்டில் விரலை ஓட்டுங்கள். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே ஓர் அலுமினிய வளையம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அரை விரல் நீளத்துக்கு அது பெயர்ந்து போயிருப்பது விரலுக்குத் தட்டுப்படும். பெயர்ந்த இடம் உருகிய மாதிரி வழவழப்பாக இல்லை. உடைத்த கல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. அதாவது இது சூட்டில் உருகவில்லை, அடிபட்டு உடைந்திருக்கிறது.

அடித்தது எது? நாக்கிங். பிளக் பொறி விட்டதும் நெருப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். கலவை ஏற்கெனவே சூடாகவும் அழுத்தமாகவும் இருந்தால், நெருப்பு வந்து சேரும் முன்பே கடைசி மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அடி ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனின் ஓரத்தில் விழுகிறது. டர்போ கொடுத்த சூடும் அழுத்தமும் நேராக இதற்குத்தான் தீனி போடுகின்றன. இன்டர்கூலர் கட்டாயம் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டர்போ போட்டாலும் எஞ்சினின் சுற்று அதே 5000-தான். ஆகவே கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுக்கும் வேகச்சுமை கூடுவதில்லை. கூடுவது எரிபொருள் எரிந்து அழுத்தும் சுமையும் சூடும்தான். அதனால் முதலில் போவது இந்த ரிங் வளையம், அல்லது ஹெட் காஸ்கெட். அளவுக்கு மீறி அழுத்தினால் ராட் வளையும். எது முதலில் உடையும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பவர்தான் அதைப் பலப்படுத்த முடியும்.

லாரிப் பட்டறையில் வேலை பார்த்த தோழர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள். "நாங்கள் எத்தனையோ டர்போ வண்டி பார்த்திருக்கிறோம், இந்தத் தொல்லை ஒன்றும் வரவில்லையே?" நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் டர்போ அன்றாடப் பொருள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவை டீசல். டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் அழுத்துகிறது. எரிபொருள் கடைசி நொடியில்தான் உள்ளே வருகிறது. முன்கூட்டி வெடிக்க அங்கே எதுவும் இல்லை. பெட்ரோல் எஞ்சினிலோ, காற்றும் பெட்ரோலும் கலந்தே அழுத்தப்படுகின்றன. டீசலில் பழகிய கை பெட்ரோல் எஞ்சினில் அதே துணிச்சலோடு அழுத்தத்தைக் கூட்டினால், அடுத்த வாரமே இப்படி ஒரு பிஸ்டன் வெளியே வரும்.

இந்த நாக்கிங் பெரிய நிறுவனத்தையே தோற்கடித்திருக்கிறது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அழுத்த விகிதத்தை அவர்கள் குறைக்கவில்லை, 10.25 என்ற அளவிலேயே வைத்துக்கொண்டார்கள். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். பொறியியல் சரிதான். ஆனால் வண்டி வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். தீர்ந்தால் அழுத்தம் குறைந்து, வாங்கிய வேகம் கிடைக்கவில்லை. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். ஓட்டுபவர் தினமும் ஞாபகம் வைத்திருந்தால்தான் பிழைக்கும் எஞ்சின் நிலைக்காது. உங்கள் அண்ணனோ தங்கையோ சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் வண்டியில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வழியும் எண்ணெய் வழியும்

டர்போவைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். பட்டறையில் வேலை கெடுவது பெரும்பாலும் பெட்ரோல் வழியிலும் எண்ணெய் வழியிலும்தான்.

பழைய 800-ல் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது எஞ்சினோடு இணைந்த சின்ன மெக்கானிக்கல் பம்ப். அது தரும் அழுத்தம் கால் பார் அளவுதான். நாம் டர்போவிலிருந்து அரை பார் காற்றைக் கார்புரேட்டருக்குள் அனுப்புகிறோம். கார்புரேட்டரின் மிதவை அறைக்குள்ளும் அந்த அரை பார் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறாது. அறைக்குள் அரை பார் இருக்கும்போது, கால் பார் பம்ப் எப்படி உள்ளே தள்ளும்? தள்ளாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அதே நொடியில் பெட்ரோல் நின்றுபோகும். அறையில் மிச்சம் இருப்பது தீர்ந்ததும் கலவை வறண்டுவிடும், சூடு ஏறும், பிஸ்டன் போய்விடும். இதற்குத் தீர்வு உண்டு. டர்போ அழுத்தம் ஏற ஏறத் தானும் ஏறும் ரெகுலேட்டரும், அதற்கேற்ற எலெக்ட்ரிக் பம்பும் வேண்டும். பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் பிற்கால எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் இன்ஜெக்டரின் அளவையும் கம்ப்யூட்டரின் கணக்கையும் மாற்ற வேண்டும். எந்த வழியானாலும், புகைக்குழாயில் கலவையின் விகிதத்தை அளந்து காட்டும் சென்சார் இல்லாமல் முழு மிதி மிதிக்கவே கூடாது. காதால் கேட்டு ஜெட் வைக்கிற திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. டர்போ எஞ்சினில் காது கண்டுபிடிக்கும் முன்பே காரியம் கெட்டுவிடும்.

அடுத்தது எண்ணெய். டர்போவின் தண்டு உலோகத்தைத் தொடுவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு, அங்கிருந்து டர்போவுக்கு ஆயில் எடுப்பது எளிது. எல்லோரும் சரியாகவே செய்துவிடுவார்கள். தவறு நடப்பது ஆயில் திரும்பி வரும் வழியில். உள்ளே அழுத்தத்தோடு போகும் ஆயில், வெளியே வரும்போது தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. அதனால் திரும்பும் குழாய் அகலமாக இருக்க வேண்டும், எங்கும் வளைந்து தேங்காமல் கீழ்நோக்கியே ஓட வேண்டும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆயில் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டிக் கசிந்து, சைலன்சரில் நீலப்புகையாக வரும். புகையைப் பார்த்ததும் டர்போ மட்டம் என்று அதைக் கழற்றி வேறு வாங்குவார்கள். புது டர்போவும் புகைக்கும். குற்றம் குழாயில் இருக்கிறது.

ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை உடனே நிறுத்துகிற பழக்கத்தையும் விட வேண்டும். சூடேறிக் கிடக்கும் டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால், நின்ற ஆயில் கரியாகிப் படியும். வேகமாக ஓட்டி வந்திருந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது.

ஜப்பானில் அதே குடும்பத்து எஞ்சின்

"அப்படியானால் சின்ன எஞ்சினுக்கு டர்போ ஒத்துவராதா?" என்றால், ஒத்துவரும் என்பதற்கு நம் 800-ன் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. 800-ன் எஞ்சினுக்கு சுஸுகி வைத்த பெயர் எஃப்8பி. அதே எஃப் வரிசையில், ஜப்பானில் கெய் எனப்படும் சின்னக் கார்களுக்காகச் செய்த தம்பி எஞ்சின் எஃப்5ஏ. மூன்று சிலிண்டர், 543 சி.சி. சாதாரண ஆல்டோவில் அது 30 குதிரைத்திறனை ஒட்டியே தந்தது. 1987-ல் வந்த ஆல்டோ வொர்க்ஸ் காரில் அதே 543 சி.சி., 64 குதிரைத்திறன் தந்தது. நம் 800-ஐவிடச் சிறிய எஞ்சின், நம் 800-ஐப் போல ஒன்றே முக்கால் மடங்கு சக்தி. அதற்குப் பிறகு ஜப்பானின் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி, கெய் கார்களுக்கு 64-தான் உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டன.

நம் தம்பிகள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கனவு காண்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் சுஸுகி செய்த வேலையையும் பார்க்க வேண்டும். டர்போவோடு இன்டர்கூலர் வந்தது. கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட் என்று ஹெட்டையே புதிதாகச் செய்தார்கள். இந்தச் சக்தி 7500 சுற்றில் கிடைத்தது. அந்தச் சுற்றைத் தாங்கும்படி உள்பாகங்கள் இருந்தன. ஒரு வகையில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும்படி அமைத்தார்கள். காரின் பெயர் ஆல்டோதான். டர்போவுக்குக் கீழே இருந்ததோ வேறொரு எஞ்சின்.

அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1982-ல், ஹோண்டாவும் இதையே செய்தது. சிட்டி என்ற சின்னக் காரின் 1231 சி.சி. எஞ்சினுக்கு டர்போ வைத்து 100 குதிரைத்திறன் எடுத்தார்கள். அதற்காக அழுத்த விகிதத்தை 7.4 வரை இறக்கினார்கள். மறு ஆண்டே இன்டர்கூலர் சேர்த்து 110 ஆக்கினார்கள்.

இதை இன்றைக்கு நேரில் பார்க்க ஜப்பான் போக வேண்டியதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் நிஸான் மேக்னைட் தயாராகிறது. அந்தக் காரில் இரண்டு எஞ்சின் உண்டு. இரண்டும் 999 சி.சி., இரண்டும் மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 72 குதிரைத்திறன், முறுக்குவிசை 96 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளது 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். அளவு ஒன்றாக இருப்பதால் ஒரே எஞ்சினில் டர்போவை மாட்டியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இரண்டும் தனித்தனி எஞ்சின்கள். டர்போ எஞ்சினின் சிலிண்டர் சுவரில், நிஸான் தன் பந்தயத் தரக் காரான ஜி.டி.-ஆரில் செய்த மாதிரியான, கண்ணாடி போல் பளபளக்கும் பூச்சு உண்டு. கையில் முழுத் தொழிற்சாலை இருந்தும், இருக்கிற எஞ்சினில் டர்போவைச் சேர்த்துவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. டர்போவுக்கென்று வேறு எஞ்சினையே கொண்டுவந்தார்கள். ஒரு பட்டறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

மறைமலைநகரில் 2013 முதல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டிலும் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் இருந்தது, 125 குதிரைத்திறன். அதில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளித்தார்கள். தெளித்த பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கும். அதனால் டர்போ இருந்தும் அழுத்த விகிதத்தை 10-ல் வைக்க முடிந்தது. 1962-ல் ஒரு திரவப் புட்டியை நம்பித் தோற்ற வேலையை, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு பெட்ரோலைக் கொண்டே முடித்தார்கள்.

மைலேஜ், பிரேக், சட்டம்

டர்போ போட்டால் மைலேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். தொழிற்சாலை, ஒன்றரை லிட்டர் எஞ்சின் வைக்க வேண்டிய காரில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினை வைக்கிறது. எஞ்சின் சிறிதானதால் உராய்வு குறைவு. மெதுவாக ஓட்டும்போது பெட்ரோல் மிச்சமாகிறது. நாம் செய்வது அது இல்லை. இருக்கிற சின்ன எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு மேலே டர்போவைச் சேர்க்கிறோம். சுருக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. நாக்கிங்குக்குப் பயந்து அழுத்த விகிதத்தை 9-லிருந்து 8-க்கு இறக்கினால், சூத்திரப்படியே எஞ்சினின் திறன் மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும். டர்போ வேலை செய்யாமல் ஊருக்குள் மெதுவாகப் போகும்போதும் இந்த இழப்பு கூடவே வரும். முழு மிதியில் 40 சதவீதம் அதிகக் காற்றுக்கு 40 சதவீதம் அதிகப் பெட்ரோலும் போகும். பிக்கப் வேண்டுமென்றால் போடுங்கள். மைலேஜுக்காக என்றால் போடவே போடாதீர்கள்.

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டிய சக்தியைப்போல 120-ல் நிறுத்த இரண்டே கால் மடங்கு வேண்டும்; வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு இது. 12 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் பிரேக், ஒல்லியான டயர், 37 குதிரைத்திறனுக்குச் செய்த கிளட்ச். இவற்றின் மேல் 50-ஐ ஏற்றிவிட்டு நான்குவழிச் சாலையில் ஓட்டினால், விலை கொடுப்பவர் ஓட்டுபவர் மட்டுமல்ல. குறுக்கே சைக்கிளில் வரும் ஒருவருக்கு உங்கள் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைச் செய்யுங்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டமும் இதே கவலையில்தான் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் எஞ்சினைத் திறந்து பார்ப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் எங்கே செய்வது?

இதற்கு இந்த ஊரே பதில் வைத்திருக்கிறது. கோவைக்காரரான கரிவரதன், இதே மாருதி 800 எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் உலகப் பந்தயங்களுக்குப் போகும் முன் ஓட்டிப் பழகியது அந்தக் காரில்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் கரிவரதன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் செய்ததில் டர்போ இல்லை. கதவு, கூரை, பின் இருக்கை, பம்பர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எடையைக் குறைத்தார். அதே எஞ்சின், குறைந்த சுமை. சக்தியைக் கூட்டாமலே வண்டி பாய்ந்தது. வேகத்துக்கு இரண்டு வழி உண்டு, எடையைக் குறைக்கிற வழியில் பிஸ்டன் உடைவதில்லை.

அதன் பிறகும் டர்போதான் வேண்டும் என்றால், கல்லூரிக்குள்ளேயே செய்யுங்கள். பழைய 800 எஞ்சின் ஒன்றை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுங்கள். முதலில் டர்போ இல்லாமல் சக்தியையும் புகையின் சூட்டையும் கலவை விகிதத்தையும் அளந்து எழுதுங்கள். பிறகு 0.2 பார். எல்லாவற்றையும் மறுபடி அளந்து, நாம் இங்கே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துவராவிட்டால், ஏன் என்று தெரியும்வரை அழுத்தத்தை ஏற்றாதீர்கள். 0.3-லும் அதையே செய்யுங்கள். பட்டறைத் தோழர்களை அந்த பெஞ்சுக்கு அழைத்து வாருங்கள். வெல்டிங்கும் குழாய் வேலையும் அவர்களிடம் நீங்கள் கற்க வேண்டியவை. கம்ப்ரஸர் வரைபடத்தை வாசிக்கவும் சென்சார் எண்ணைப் புரிந்துகொள்ளவும் அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தடத்துக்குக் கொண்டுபோங்கள், பொதுச்சாலைக்கு வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இன்று டர்போ கார்கள் நாள்தோறும் வரிசையில் இறங்குகின்றன. அவற்றை இணைக்கும் கைகள் நம் பிள்ளைகளின் கைகள். அந்த எஞ்சினை வடிவமைக்கும் மேசையிலும் அவர்கள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய முதல் படிப்பு, ஒரு சின்ன எஞ்சினில் காற்றின் எடை கூடினால் எந்தப் பாகத்தில் எவ்வளவு சுமை ஏறும் என்று தானே கணக்குப் போட்டு, தானே அளந்து, தானே சரிபார்ப்பது. அடுத்த பருவத்துக்குள் இந்தக் கல்லூரியில் அப்படி ஒரு பெஞ்ச் அமையுமானால், அதன் முதல் அளவீட்டு நாளில் உங்களோடு நின்று எண்களை எழுத நான் வருகிறேன்.